இரவல் விரலும் சொந்த விரலும்

நாலு வாலிபர்கள் கூடியிருக்கிற இடத்தில், "கித்தார் வாசிக்கிறவர்களில் யாரப்பா பெரியவர்?" என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு, நீங்கள் பாட்டுக்கு அடுப்படிக்குப் போய்க் காப்பி கலந்துகொண்டு வாருங்கள். திரும்பி வருவதற்குள் சண்டை முற்றியிருக்கும். ஒருவன் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் என்பான். இன்னொருவன் எரிக் கிளாப்டன் என்பான். மூன்றாமவன், எட்டி வான் ஹேலன் ஒரு நிமிஷத்தில் உதிர்க்கிற ஸ்வரங்களை மற்றவர்கள் ஒரு வாரம் உட்கார்ந்தாலும் வாசிக்க முடியாது என்று மேஜையைக் குத்துவான். நாலாவது பையன் யாருக்கும் தெரியாத ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, "அடடா, இவரை நீங்கள் கேட்டதே இல்லையா?" என்று எல்லாரையும் பரிதாபமாகப் பார்ப்பான்.

இந்த வாரம் அந்தச் சண்டையில் நாமும் கொஞ்சம் தலையைக் கொடுத்துப் பார்ப்போமே! 'ராக், ப்ளூஸ் என்று ஒரே இரைச்சல். இதில் என்ன வித்தை இருக்கிறது?' என்று நினைக்கும் சகோதரிகள் தயவு செய்து பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்த வழக்கில் உங்கள் கட்சியும் ஒன்று இருக்கிறது.

அமெரிக்காவிலே 'ரோலிங் ஸ்டோன்' என்று ஒரு சங்கீதப் பத்திரிகை. அது 2003-ம் ஆண்டில், உலகத்துக் கித்தார் வித்வான்களில் தலைசிறந்த 100 பேர் என்று ஒரு ஜாபிதா போட்டது. நூறு பேரில் பெண்கள் எத்தனை பேர் தெரியுமா? இரண்டே பேர். ஜோனி மிட்செல், ஜோன் ஜெட். இருபது வருஷம் கழித்து, 2023-ல், அதே பத்திரிகை ஜாபிதாவை 250 பேராக்கி மறுபடி போட்டது. இந்தத் தடவை ஆறாவது இடத்தில் ஒரு பெண்மணி வந்து உட்கார்ந்துவிட்டார். பெயர் சிஸ்டர் ரொசெட்டா தார்ப். 2003-ல் அவருக்கு நூறாவது இடம்கூடக் கிடைக்கவில்லை.

இதற்கு நடுவில் அந்த அம்மாள் ரொம்பச் சிரத்தையாகச் சாதகம் செய்து முன்னேறிவிட்டார் என்று எண்ணிவிடாதீர்கள். அவர் காலமானது 1973-ல்!

அப்படியானால், முன்னேறியது யார்? கேட்கிறவர்களுடைய காதுதான். ஆகையால் ஜாபிதாவைத் தூரத்தில் வைத்துவிட்டு வேறு அளவுகோல் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்வோம். கைத்திறமை ஒன்று, சொந்தச் சரக்கு ஒன்று. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பையன்களுக்குள் இவ்வளவு சண்டை. கைத்திறமையை எண்ணிவிடலாம், கடிகாரம் வைத்து அளந்துவிடலாம். சொந்தச் சரக்கை அளக்க ஒரே வழிதான் எனக்குத் தெரியும். பக்கத்து அறையில் பெட்டி பாடுகிறது, முகம் தெரியாது, பெயர் சொல்லவில்லை, ஒரு ஸ்வரம், மிஞ்சிப் போனால் இரண்டு ஸ்வரம் காதில் விழுந்ததும், "ஓ, இவரா!" என்று சொல்ல முடிகிறதா? முடிந்தால் அவருக்குச் சொந்தச் சரக்கு இருக்கிறது.

ப்ளூஸ் என்பது அமெரிக்காவின் தென் மாகாணங்களில், பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பு மக்களிடம் பிறந்த பாட்டு. கட்டமைப்பு வெகு எளிது. பன்னிரண்டு ஆவர்த்தனம், மூன்று ஸ்வரக் கூட்டு. முதல் அடியை இரண்டு தரம் பாடி, மூன்றாவது அடியில் முடிச்சை அவிழ்ப்பார்கள். அவ்வளவு எளிதாயிருந்தால் எல்லாரும் ஒரே மாதிரி அல்லவா வாசிக்க வேண்டும்? இங்கேதான் சூட்சுமம். நம் சங்கீதத்தில் சாதாரண காந்தாரம், அந்தர காந்தாரம் என்று இரண்டு உண்டல்லவா? ப்ளூஸ்காரருடைய காந்தாரம் இரண்டுக்கும் நடுவில், சந்தில் ஒளிந்துகொண்டிருக்கிறது. மெட்டு வைத்த வாத்தியத்தில் அந்த இடத்துக்கு வீடு கிடையாது. தந்தியை இழுத்துத்தான் அங்கே போய்ச் சேர வேண்டும். எவ்வளவு தூரம் இழுப்பது, எவ்வளவு நேரம் அங்கே நிற்பது, நிற்கும்போது எப்படி அசைப்பது, இவை ஆளுக்கு ஆள் வேறு. வீணை வாசிக்கும் சகோதரிகளுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ராக் என்பது இந்த ப்ளூஸுக்குப் பிறந்த பிள்ளை. அப்பாவைவிடப் பெரிய குரல், அப்பாவைவிடப் பெரிய ஒலிபெருக்கி!

இப்போது பி. பி. கிங்கை எடுத்துக்கொள்வோம். 1925-ல் மிஸிஸிப்பி மாகாணத்தில் பிறந்து, 2015-ல், 89-ம் வயதில் மறைந்தவர். அவருக்குச் சில காரியங்கள் வராது. ஸ்வரக் கூட்டு வாசிக்க வராது. பாடிக்கொண்டே வாசிக்கவும் வராது. இரண்டையும் அவரே ஒளிவு மறைவில்லாமல் சொல்லியிருக்கிறார். அவருடைய தாயார் வழி உறவினர் புக்கா வைட் என்பவர், விரலில் இரும்புக் குழாயை மாட்டிக்கொண்டு தந்தியின் மேல் நழுவவிட்டு வாசிப்பதில் கெட்டிக்காரர். கோட்டு வாத்தியம் பார்த்தவர்களுக்கு இந்த வித்தை உடனே புரியும். இளைஞர் கிங் அதைக் கற்றுக்கொள்ளப் படாத பாடு பட்டார். குழாய் அவர் பேச்சைக் கேட்கவில்லை. சரி, குழாய் இல்லாமலே அந்த நாதத்தைக் கொண்டு வந்துவிடலாம் என்று இடது கை விரலைத் தந்தியின் மேல் ஊன்றிக்கொண்டு, மணிக்கட்டோடு பட்டாம்பூச்சி மாதிரி படபடவென்று அசைக்க ஆரம்பித்தார். அந்த அசைவுதான் பி. பி. கிங்! பாட்டையும் வாத்தியத்தையும் ஒன்றாக ஓட்ட முடியாததால், ஒரு வரி பாடுவார், நிறுத்துவார். கித்தார் பதில் சொல்லும். கணவன் பேசி முடிக்கும் வரையில் காத்திருந்து, பிறகு இரண்டே வார்த்தையில் காரியத்தை முடித்துவிடுகிற மனைவியைப் போல அந்தப் பதில் இருக்கும்.

கித்தாருக்குப் பெயர் லூஸில். அதற்கு ஒரு கதை உண்டு. 1949-ம் வருஷத்துக் குளிர்காலம். ஆர்க்கன்ஸா மாகாணத்தில் ட்விஸ்ட் என்ற சிற்றூரில் ஒரு நடன விடுதியில் கிங் வாசித்துக்கொண்டிருந்தார். குளிருக்காக நடுக்கூடத்தில் மண்ணெண்ணெய் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு ஆசாமிகள் கட்டிப் புரண்டு சண்டை போட்டதில் அது கவிழ்ந்து, விடுதி தீப்பற்றிக்கொண்டது. எல்லாரோடும் வெளியே ஓடிவந்த கிங், கித்தார் உள்ளேயே இருப்பது ஞாபகம் வந்ததும், எரிகிற கட்டடத்துக்குள் மறுபடி பாய்ந்து அதை எடுத்துக்கொண்டு வந்தார். சண்டைக்குக் காரணம் லூஸில் என்ற ஒரு பெண் என்று பிறகு தெரிந்ததாம். இம்மாதிரி அசட்டுத்தனத்தை இனிமேல் செய்யக்கூடாது என்று நினைவிருக்கட்டும் என்பதற்காக, அதற்குப் பிறகு தம்மிடம் வந்த எல்லாக் கித்தாருக்கும் அந்தப் பெயரையே வைத்தார். அந்தப் பெண்ணை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை!

அதே பெயர் கொண்ட இன்னொருவர் ஆல்பர்ட் கிங். உறவு ஒன்றும் இல்லை. ஆஜானுபாகு, புல்டோசர் ஓட்டிப் பிழைத்தவர். இடதுகைக்காரர். வலதுகைக்காரருக்கென்று செய்த கித்தாரை அப்படியே தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டார். தந்திகளைக்கூட மாற்றிப் பூட்டவில்லை. ஆகவே மற்றவர்களுக்குக் கீழே இருக்கும் மெல்லிய தந்தி இவருக்கு மேலே வந்துவிட்டது. மற்றவர்கள் அதை மேல் நோக்கித் தள்ளுவார்கள். இவர் கீழ் நோக்கி இழுப்பார். கிணற்றில் தண்ணீர் சேந்துகிறவர்களுக்குத் தெரியும், கீழே இழுப்பதில் உடம்பின் பலம் எவ்வளவு சேர்கிறது என்று. ஒரே மெட்டில் கையை வைத்துக்கொண்டு, தந்தியை இழுத்து இழுத்தே நாலைந்து ஸ்வரம் பேசவைத்துவிடுவார். வேகம் என்று பார்த்தால், இன்றைக்குப் பள்ளிக்கூடப் பையன்கள் அவரைத் தோற்கடித்துவிடுவார்கள். ஆனால் அவர் இழுத்த ஒரு ஸ்வரத்தைக் கடன் வாங்காத ராக் வித்வான் அபூர்வம்.

கடன் என்றதும் எரிக் கிளாப்டன் நினைவுக்கு வருகிறார். இங்கிலாந்துக்காரர். 1960-களின் நடுவில் லண்டன் சுவர்களில் 'கிளாப்டனே கடவுள்' என்று யாரோ பெயிண்டில் எழுதி வைத்தார்கள். மனிதர் கையில் சுத்தம் உண்டு. நாதத்தில் கனம் உண்டு. ஆனாலும் 1967-ல் அவருடைய 'க்ரீம்' கோஷ்டி வெளியிட்ட 'ஸ்ட்ரேஞ்ச் ப்ரூ' என்ற பாட்டில் நடுவே வரும் கித்தாரைக் கேளுங்கள். ஆல்பர்ட் கிங்கை அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். கிளாப்டனை மேதை என்பதைவிட, உலகத்திலேயே சிறந்த மாணாக்கர் என்பதுதான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. மாணாக்கர் என்ற ஸ்தானத்தை அவர் மறைத்ததுமில்லை. 2000-ம் ஆண்டில் பி. பி. கிங்கோடு சேர்ந்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அட்டைப் படத்தைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். காரை ஓட்டுகிறவர் கிளாப்டன். பின் ஆசனத்தில் ஹாய்யாகச் சாய்ந்திருப்பவர் பி. பி. கிங்!

எல்லாருமே இப்படிக் கணக்கைத் தீர்த்துவிடவில்லை. 'லெட் ஸெப்லின்' கோஷ்டியில் கித்தார் வாசித்த ஜிம்மி பேஜ் மகா சமர்த்தர். ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு கித்தாரின் மேல் இன்னொரு கித்தாரை அடுக்கிக் கோபுரம் கட்டுவதில் அவருக்கு இணை சொல்ல யோசிக்க வேண்டும். ஆனால் 1969-ல் வந்த அவர்களுடைய பிரசித்தமான 'ஹோல் லாட்டா லவ்' பாட்டில், சிகாகோவின் ப்ளூஸ் கவி வில்லி டிக்ஸனுடைய வார்த்தைகள் புகுந்திருந்தன. இசைத்தட்டில் அவர் பெயர் மட்டும் புகவில்லை. டிக்ஸன் 1985-ல் கோர்ட்டுக்குப் போனார், 1987-ல் ராஜியாயிற்று. இப்போது பாட்டைப் புனைந்தவர்களில் அவர் பெயரும் போடுகிறார்கள். பெயர் போடுவது வெறும் மரியாதை மட்டுமா? ஒவ்வொரு தட்டு விற்கும்போதும் காசு யார் வீட்டுக்குப் போகிறது என்பதும் அதில்தானே இருக்கிறது! 'இதெல்லாம் பரம்பரைச் சொத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்' என்று வாதாடுகிறவர்கள் உண்டு. எடுத்துக்கொள்ளட்டும், பேஷாக எடுத்துக்கொள்ளட்டும். எடுத்த இடத்தைச் சொல்வதற்கு நாக்கில் என்ன வலி?

கிளாப்டனைக் கடவுள் என்று எழுதினார்களே, அதற்குச் சில காலத்துக்குள் ஒரு வேடிக்கை நடந்தது. 1966-ம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி, லண்டன் ரீஜண்ட் தெரு பாலிடெக்னிக்கில் 'க்ரீம்' கச்சேரி. அமெரிக்காவிலிருந்து வந்து ஒரு வாரமே ஆகியிருந்த ஒரு கறுப்பு வாலிபன், நானும் ஒரு பாட்டு வாசிக்கலாமா என்று கேட்டு மேடை ஏறினான். சிகாகோக்காரர் ஹௌலின் உல்ஃபின் 'கில்லிங் ஃப்ளோர்' பாட்டை எடுத்துக்கொண்டு, அசல் வேகத்தைப் போல எத்தனையோ மடங்கில் ஓட்டினான்; முதுகுக்குப் பின்னால் வைத்து வாசித்தான்; பல்லால் வாசித்தான். கிளாப்டன் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். பிறகு மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார் என்று உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த வாலிபன்தான் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ்.

பல்லால் வாசிப்பது வித்தையே தவிர, சங்கீதம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஹெண்ட்ரிக்ஸுடைய பெருமை வேறிடத்தில் இருக்கிறது. கித்தாரை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் 'ஊ' என்று ஊளை கிளம்பும். அதுவரை பெரும்பாலோருக்கு அது தொல்லை; காதைப் பொத்திக்கொண்டு விலகுவார்கள். இவர் அந்த ஊளையையே பிடித்து, ஸ்வரத்தில் நிறுத்தி, பாட வைத்தார். ஒலிபெருக்கியையே ஒரு வாத்தியமாக்கிவிட்டார். 1970-ல், 27-ம் வயதில் போய்விட்டார். மொத்தம் நாலு வருஷப் பிரபலம். கைத்திறமையும் சொந்தச் சரக்கும் சரிசமமாக ஒரே ஆளிடம் சேர்வது அபூர்வம், இவரிடம் சேர்ந்திருந்தது.

ஹெண்ட்ரிக்ஸைப் போலவே ஆல்பர்ட் கிங்கையும் கரைத்துக் குடித்த இன்னொருவர் டெக்ஸாஸ்காரர் ஸ்டீவி ரே வான். 1983 டிசம்பரில் கனடாவில் ஒரு டெலிவிஷன் நிலையத்தில் அவரையும் ஆல்பர்ட் கிங்கையும் எதிரும் புதிருமாக உட்கார்த்தி வைத்து வாசிக்கச் சொன்னார்கள். அந்தப் பதிவு இப்போதும் கிடைக்கிறது. குருவின் சரக்கை குருவுக்கு எதிரிலேயே விரிக்கிற துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்! வானிடம் இருந்த சங்கதிகளில் பாதி இரவல்தான். ஆனால் தடித்த தந்திகளை அறுந்துவிடுமோ என்று நாம் பயப்படும்படி அடித்த அந்த ஆவேசம் அவருடையதேதான். 1990-ல், 35-ம் வயதில், ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார்.

இனி, உங்கள் அடுக்களைக்குச் சம்பந்தமுள்ள ஒரு விஷயம். பாத்திரம் கழுவும் திரவம் பிளாஸ்டிக் புட்டியில் வருகிறதல்லவா? ராக் சங்கீதத்தின் ஒரு கிளையே அந்தப் புட்டியிலிருந்து வந்தது என்றால் நம்புவீர்களா?

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரம். டோனி அயோமி என்ற 17 வயதுப் பையன், தகரத் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை. 1965-ல், ஒரு கோஷ்டியோடு கித்தார் வாசிக்கப் போவதற்காக வேலையை விட்டுவிட்டான். கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவன், இனிமேல் போக வேண்டாம் என்று பார்த்தான். எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று தாயார் திருப்பி அனுப்பினார். எந்தத் தாய்தான் வேறு மாதிரி சொல்வாள்? அன்று வேறொருவர் வராததால், பழக்கமில்லாத இயந்திரத்தில் நிற்க வைத்தார்கள். வலது கையின் நடு விரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டன. பையன் இடதுகைக்காரன், மெட்டின் மேல் ஓட வேண்டிய விரல்களே அவைதாம்.

மனமுடைந்து கிடந்தவனுக்குத் தொழிற்சாலை மேஸ்திரி ஓர் இசைத்தட்டைக் கொண்டு வந்து போட்டுக் காட்டினார். வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928-ல் தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிப் போனவர். பாக்கியிருந்த விரல்களாலேயே ஐரோப்பாவைக் கிறங்க அடித்தவர். அயோமி எழுந்து உட்கார்ந்தான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரல் நுனிக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி மாட்டிக்கொண்டான். முரட்டுத் தந்தியை அழுத்தினால் வலி; ஆகவே மெல்லிய தந்தி போட்டான். பிற்பாடு சுருதியையே இறக்கித் தந்தியைத் தளர்த்திவிட்டான். அவன் கையிலிருந்து கிளம்பிய அந்தக் கனத்த, இருண்ட நாதம்தான் 1970-ல் 'பிளாக் ஸப்பத்' கோஷ்டியின் பெயரில் வெளிவரத் தொடங்கி, 'ஹெவி மெடல்' என்று உலகம் முழுவதும் பரவியது. உங்கள் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிறானே, அதற்கு மூலபுருஷர் இவர்தான்.

இன்னொரு புட்டியும் உண்டு. அது மருந்துப் புட்டி. 1968-ல் டுவேன் ஆல்மன் என்ற வாலிபர் தம் 22-வது பிறந்த நாளன்று ஜலதோஷத்தில் படுத்திருந்தார். தம்பி கிரெக் மாத்திரைப் புட்டி ஒன்றும் இசைத்தட்டு ஒன்றும் கொண்டு வந்து கொடுத்தார். அண்ணன் மாத்திரைகளைக் கொட்டிவிட்டு, கண்ணாடிப் புட்டியை விரலில் செருகித் தந்தியில் நழுவவிட்டுப் பார்த்தார். மூன்றே வருஷத்தில், மோட்டார் சைக்கிள் விபத்தில் இறப்பதற்குள், அந்த வாசிப்பு முறையை அவர் கொண்டு போய் நிறுத்திய உயரத்தை இன்னும் பலர் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வராத கையும், கிடைக்காத வசதியும் கொண்டு வந்து சேர்த்த நாதம் இவ்வளவு! ஆனாலும் குறை இருந்தால்தான் புதுமை பிறக்கும் என்று சூத்திரம் போட்டுவிடக் கூடாது. ஜெஃப் பெக் என்ற ஆங்கிலேயருக்கு ஒரு குறையும் இல்லை. தந்தியை மீட்டும் சில்லை 1980-களில் தாமாகவே தூக்கி எறிந்துவிட்டு, வெறும் விரலால் மீட்டத் தொடங்கினார். சுண்டு விரலால் ஒலிக் குமிழைத் திருகிக்கொண்டே, நடுங்கும் கம்பியை உள்ளங்கையால் அசைத்துக்கொண்டே, ஒரு ஸ்வரத்தைப் பிறக்க வைத்து, வளர்த்து, மறைய வைப்பார். 1989-ல் 'வேர் வேர் யூ' என்று ஒன்று வாசித்தார். பல்கேரியா தேசத்துப் பெண்கள் கோஷ்டிகானத்தைக் கேட்ட பாதிப்பில் பிறந்தது அது. வார்த்தையே இல்லாமல் ஒரு கித்தார் அழுவதைக் கேட்க வேண்டுமானால் அதைக் கேளுங்கள். 2023 ஜனவரியில் காலமானார். என்னை யாராவது கழுத்தில் கத்தி வைத்து, ஹெண்ட்ரிக்ஸுக்கு அடுத்தபடி யார் என்று கேட்டால், பெக் என்றுதான் சொல்வேன்.

மேஜையைக் குத்திய மூன்றாவது பையனை நான் மறந்துவிடவில்லை. அவனுடைய எட்டி வான் ஹேலன் முதலில் ஆசையாக டிரம் வாங்கியவர். தம்பி வீட்டில் இல்லாத சமயம் பார்த்து அண்ணன் அலெக்ஸ் அதில் தட்டித் தட்டித் தேர்ந்துவிட்டதால், தம்பி கித்தாருக்கு மாறினார். சின்ன வயசில் பியானோ கற்ற விரல்கள். 1978-ல் 'இரப்ஷன்' என்று, இரண்டு நிமிஷம்கூட இல்லாத ஒரு வாசிப்பு. வலது கை விரல்களையும் மெட்டின் மேலேயே கொண்டு வந்து தட்டினார். அவருக்கு முன்பும் அப்படித் தட்டியவர்கள் உண்டு. ஆனால் அதை ஒரு பாஷையாக்கியவர் அவர். கேட்ட வித்வான்கள் திகைத்துப் போனார்கள். பத்தே வருஷத்தில் அதே வித்தையை ஊருக்கு நூறு பேர் செய்தார்கள். இப்போதோ இணையத்தில் குழந்தைகள் வாசித்துக் காட்டுகிறார்கள். கைத்திறமைக்கு உள்ள கஷ்டமே இதுதான்: எவ்வளவு அரிதானாலும் அடுத்த தலைமுறை அதைப் பிடித்துவிடும். 2020-ல் மறைந்த வான் ஹேலனுடைய சிரிப்பைத்தான் இன்னும் யாரும் பிடிக்கவில்லை. அவர் வாசிப்பில் சிரிப்பு இருக்கும். பின்பற்றுகிறவர்களிடம் வேர்வைதான் இருக்கிறது.

இன்றைக்கு வாசிப்பவர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஜோ போனமாஸா 12 வயசிலேயே பி. பி. கிங்குக்கு முன்னால் மேடை ஏறியவர். சுத்தம், வேகம், ஞாபக சக்தி எல்லாம் அபாரம். கேட்கும்போது மட்டும், இது இன்னாருடைய சொற்கட்டு, அது அன்னாருடையது என்று என் மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. அது அவர் தவறா, என் கெட்ட பழக்கமா? மிஸிஸிப்பியில் கிளார்க்ஸ்டேல் ஊரில் 1999-ல் பிறந்த கிறிஸ்டோன் இங்ரம் என்ற 'கிங்ஃபிஷ்' ப்ளூஸின் சொந்த மண்ணிலிருந்து வந்திருக்கிறார். வேகமாக வாசிக்கும்போது பத்தில் ஒருவர். நிதானித்துப் பாடி ஒரு ஸ்வரத்தை இழுக்கும்போது ஒருவரே ஒருவர். வயசு ஏற ஏற நிதானமும் கூடும் என்று நம்பலாம்.

எனக்கு மிகவும் பிடித்தவர் டெரெக் டிரக்ஸ். 1979-ல் பிறந்தவர். ஒன்பது வயசில், பழைய சாமான் விற்பனையில் 5 டாலருக்கு வாங்கிய கித்தார். குழந்தைக் கைக்குத் தந்தியை அழுத்தினால் வலித்தது. ஆகவே அழுத்த வேண்டியில்லாத வழியாக, ஆல்மனைப் போலக் கண்ணாடிக் குழாயை விரலில் மாட்டிக்கொண்டார். பிறகு கை வளர்ந்தும் குழாயை விடவில்லை. நம் உஸ்தாத் அலி அக்பர் கான் கலிபோர்னியாவில் நடத்திய சங்கீதக் கல்லூரிக்கும் போய்ப் பாடம் கேட்டிருக்கிறார். சரோதில் மெட்டுகளே கிடையாதல்லவா? அந்த நழுவல் இவர் கையில் ஏறியிருப்பதை நம் காது சட்டென்று கண்டுகொள்ளும். இவருடைய மனைவி சூஸன் டெடெஸ்கி நல்ல பாடகி, நல்ல கித்தார் வித்வாம்சினி. 2010-லிருந்து தம்பதிகள் இருவரும் ஒரே கோஷ்டியாக நடத்தி வருகிறார்கள். கோஷ்டியின் பெயரில் மனைவியின் பெயர்தான் முதலில் வருகிறது. புத்திசாலி மனிதர்!

பெண்களின் கட்சி என்று ஆரம்பத்தில் சொன்னேனே. மெம்ஃபிஸ் மின்னி என்று ஒரு பெண்மணி இருந்தார். சிகாகோவில் ஒரு விடுதியில், அந்த நாள் ப்ளூஸ் சிங்கமான பிக் பில் புரூன்ஸிக்கும் அவருக்கும் கித்தார்ப் போட்டி வைத்ததாகப் புரூன்ஸியே தம் சுயசரிதத்தில் எழுதியிருக்கிறார். கொஞ்சம் கயிறு திரிக்கிற ஆசாமி. ஆனாலும் தாம் தோற்ற கதையை ஒருவர் எதற்காகத் திரிக்க வேண்டும்? ஆளுக்கு இரண்டு பாட்டு. மின்னி ஜெயித்துவிட்டார். நடுவர்கள் அந்த அம்மாளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆட, கணவருக்குக் கோபம் வந்து, கீழே இறக்குங்கள் என்று சத்தம் போட, அந்த அமளியில் தோற்றுப்போன புரூன்ஸி பரிசாக வைத்திருந்த இரண்டு மதுப் புட்டிகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாராம்! இதே மின்னி தம் கணவரோடு சேர்ந்து 1929-ல் பதிவு செய்த வெள்ளப் பாட்டைத்தான் லெட் ஸெப்லின் 1971-ல் பெரிதாக வாசித்தது. அந்தத் தடவை மின்னியின் பெயரையும் போட்டார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

எலிஸபெத் காட்டன் அம்மாளும் இடதுகைக்காரர். கித்தாரைத் தலைகீழாகப் பிடித்துக் கட்டை விரலால் மேல் ஸ்வரமும் மற்ற விரல்களால் கீழ் ஸ்வரமும் வாசித்தவர். கலியாணம், குடும்பம் என்று வருஷக்கணக்கில் வாத்தியத்தைத் தொடவே இல்லை. வாஷிங்டனில் ஒரு பெரிய கடையில் காணாமல் போன குழந்தையைக் கண்டுபிடித்துத் தாயாரிடம் ஒப்படைத்ததில், அந்த வீட்டிலேயே சமையல் வேலை கிடைத்தது. அது சங்கீதக் குடும்பமான ஸீகர் வீடு. சுவரில் கித்தார் மாட்டியிருந்தது. சமையல்கார அம்மாள் ஒரு நாள் அதை எடுத்து வாசித்தபோதுதான் வீட்டாருக்கே விஷயம் தெரிந்தது. சிறுமியாயிருந்தபோது அவர் கட்டிய 'ஃபிரெய்ட் டிரெயின்' பாட்டு இங்கிலாந்து வரை போய் 1957-ல் வெற்றி பெற்றது, வேறு யார் யாருடைய பெயரிலேயோ! பெயரை மீட்கப் போராட வேண்டியிருந்தது. கிராமி பரிசு வாங்கியபோது அந்த அம்மாளுக்கு வயசு தொண்ணூறைத் தாண்டிவிட்டது.

ரொசெட்டா தார்ப் 1915-ல் ஆர்க்கன்ஸாவில் பிறந்தார். தாயார் மாண்டலின் வாசித்து ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தவர். பெண் குழந்தை கூடவே கித்தார் வாசித்தது. 1938-ல் முதல் இசைத்தட்டு. மாதா கோயில் பாட்டைக் கேளிக்கை விடுதியில் பாடுகிறாளே என்று ஒரு கூட்டம் ஏசியது. மறு கூட்டம், 'ஆண்பிள்ளை மாதிரி வாசிக்கிறாளே!' என்று பாராட்டியது. இரண்டில் எது மோசமான ஏச்சு என்று எனக்கு இன்னும் சந்தேகமாகவே இருக்கிறது. 'ராக்' என்ற பெயர் சங்கீதத்துக்கு ஒட்டுவதற்கு முன்பே, மின்சாரக் கித்தாரைக் கர்ஜிக்க வைத்தவர் அவர். 1944-ல் அவர் பதிவு செய்த ஒரு பாட்டை முதல் ராக் பாட்டு என்றே சிலர் சாதிக்கிறார்கள். அப்படிப்பட்டவர் பிலடெல்ஃபியாவில் இறந்தபோது, சமாதிக்கு ஒரு கல்கூட நடப்படவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வெறும் புல்தரைதான். கேல் வால்ட் என்ற பேராசிரியை 2007-ல் அவருடைய சரித்திரத்தை எழுதினார். 2008-ல் ஒரு நிதிக் கச்சேரி நடத்திக் கல் நாட்டப் பணம் சேர்த்தார்கள். 2018-ல்தான் ராக் சங்கீதத்தாரின் புகழ் மண்டபத்தில் இடம் தந்தார்கள்.

அவருடைய கித்தாரை இன்றும் நீங்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே இணையத்தில் பார்க்கலாம். 1964-ம் வருஷம் மே மாதம், இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்தில், ரயில் நின்றுபோன பழைய ஸ்டேஷன் ஒன்றில் டெலிவிஷன்காரர்கள் கச்சேரி ஏற்பாடு செய்தார்கள். ஒரு பிளாட்பாரத்தில் ரசிகர்கள், நடுவே தண்டவாளம், எதிர்ப் பிளாட்பாரம்தான் மேடை. பாழாய்ப்போன மழை பிடித்துக்கொண்டது. ரொசெட்டா அம்மாள் குதிரை வண்டியில் வந்து இறங்கி, நீண்ட கோட்டும் உயர்ந்த குதிச் செருப்புமாக ஈரத் தளத்தில் பதனமாக நடந்து வந்து, வெள்ளை நிற மின்சாரக் கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டார். மழையைப் பார்த்தார். நோவா காலத்துப் பெருமழையைப் பற்றிய கோயில் பாட்டு ஒன்றையே பிடித்தார். நடுவில் பாடுவதை நிறுத்திவிட்டுக் கித்தாரைப் பேசவிடுகிறார். மொத்தம் அரை நிமிஷம் இருக்கலாம். உங்கள் வீட்டுப் பையனையும் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, அந்த அரை நிமிஷத்தை இரண்டு தரம் போட்டுப் பாருங்கள்.